குளிரில் முரண்டு பிடிக்கும் இரண்டாம் சிலிண்டர்

24 நவம்பர் 2025, திங்கள்

என் பெயர் சிவமுருகன். வயது ஐம்பது. கொடைக்கானலில் ஒரு தனியார் கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர்; அதற்கு முன் அங்கேயே இயற்பியல் கற்பித்தவன். இக்குறிப்புகளைத் தொடங்கும் நோக்கம் ஒன்றே: எங்கள் கார் எஞ்சின் குளிர்காலைகளில் ஏன் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்வது. வேறெதையும் இதில் எழுதுவதில்லை.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான சிறிய கார். இங்கே இசை கற்பித்துவந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதியர் ஊர் திரும்பியபோது முறையான ஆவணங்களோடு விற்றுச் சென்றது. வெளிர் மஞ்சள்; மலைப்பாதைக்கென அளவெடுத்துத் தைத்ததுபோல் குறுகலான உடம்பு. மூன்று சிலிண்டர். இதுவரை பகலில் கடைவீதிக்கும், எப்போதாவது பழனிக்கும் போய்வர மட்டுமே பயன்பட்டதால் அதன் குளிர்காலக் குணம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இம்மாதம் தெரிந்தது. என் மனைவி சத்தியபிரியா பதவி உயர்வு பெற்று, காட்டுப்பாதையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் கூக்கால் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை ஆகியிருக்கிறாள். பேருந்தில் போனால் பள்ளி மணி அடித்த பிறகே போய்ச் சேர முடிகிறது. “நீங்களே லேட்டுன்னா பிள்ளைகள யாரும்மா கேக்குறது?” என்று கல்வி அலுவலர் ஒருவர் கேட்டுவிட்டார். அதை என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள். காலையில் காரை எடுத்துப் பார்த்தோம்; அப்போதுதான் அது மிஸ்ஸிங் அடித்தது. கூக்காலில் கேரட் பயிரிடும் சின்னக்கருப்பன் தம் வீட்டு மாடியறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் சரியாகாவிட்டால், அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அவள் அங்கேயே தங்கிக்கொள்வாள்; சனி, ஞாயிறு மட்டும் வீடு.

நியாயமான முடிவு. மகள் ஷர்மிளா கோவையில் விடுதியில் இருக்கிறாள். ஆகவே வீட்டில் நான் மட்டும் இருப்பேன்.

கடைசி வாக்கியத்துக்கும் காருக்கும் தொடர்பில்லை. அடித்துவிடலாம்.

25 நவம்பர்

அடிக்கவில்லை.

அறிகுறிகளை ஒழுங்காகப் பதிவுசெய்கிறேன். காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர் பெறுகிறது. ஆனால் உடனே குலுங்குகிறது. பழனியில் சப்பரம் பார்த்து வளர்ந்தவன் நான். தூக்குபவர்களில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் சப்பரம் எப்படி ஆடும் என்று தெரியும். அப்படித்தான் ஆடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமுகிறது. சற்று நேரத்தில் தானே சரியாகி, எதுவும் நடவாததுபோல் ஓடுகிறது.

சத்தியபிரியா சொன்னாள்: “அதுவும் உங்கள மாதிரிதாங்க. காபி உள்ள போறவரைக்கும் யாரோடயும் பேசாது.”

28 நவம்பர், வெள்ளி

புதனன்று, காரின் கணினியில் பதிவான பிழைகளைக் காட்டும் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தேன். இரண்டாம் சிலிண்டரில்தான் பிழை.

தேர்வறையில் ஒரே வரிசையில் சந்தேகம் எழுந்தால் நாங்கள் செய்வது இருக்கை மாற்றம். மாணவனை நகர்த்தியும் தவறு அந்த மேசையிலேயே நின்றால் குற்றம் மாணவனுடையதன்று. அவ்வாறே இரண்டாம் சிலிண்டருக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் பொருத்தினேன். மறுநாள் காலை அதே குலுக்கல், அதே இரண்டாம் சிலிண்டர். ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி வைத்தேன். பிழை இடம் மாறவில்லை. ஆக, காயிலும் பிளக்கும் நிரபராதிகள்.

முன்னேற்றமே. இரண்டு பெயர்களை நீக்கிவிட்டோம்.

29 நவம்பர், சனி

நாயுடுபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வமுருகனிடம் காரைக் கொண்டுபோனேன். பத்து மணிக்குத்தான் திறப்பார். நான் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடாகி, நல்ல பிள்ளையாக நின்றது. அவர் பானெட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டார்.

“சார், ஸ்மூத்தா இருக்கு. ஃபாரின் வண்டிக்கு நம்ம கிளைமேட் ஒத்துக்கல, அவ்ளோதான்.”

“ஜப்பானில் பனியே பெய்கிறது” என்றேன்.

“அப்ப நம்ம பெட்ரோல் ஒத்துக்கல சார்.”

ஒன்று தவறானதும் இன்னொன்றை எடுத்து நீட்டுவது விடை ஆகாது. எனினும் பெட்ரோல் டாங்க்கைச் சுத்தம் செய்ய ஒப்புக்கொண்டேன்.

2 டிசம்பர்

டாங்க் சுத்தமானது. குலுக்கல் அப்படியே.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை தீபம். விளக்குகளை வாசலில் வைத்துக்கொண்டே சத்தியபிரியா கேட்டாள்: “சின்னக்கருப்பன் அண்ணனுக்கு என்னங்க பதில் சொல்றது? ரூம வெள்ளையடிக்கணுமாம், கேக்குறார்.”

“பொறு” என்றேன்.

“எதுவரைக்கும்?”

விதி ஒன்று வகுத்தேன். தொடர்ந்து மூன்று காலைகள், முன்தின இரவே அறிவித்து, என் முன்னிலையில் காரைச் சோதிப்பது. மூன்றிலும் குலுங்காமல் ஓடினால் அவள் காரிலேயே கூக்காலுக்குப் போய்வரலாம். ஒன்றில் தவறினாலும் மாடியறை.

அவள் சிரித்துவிட்டு, “ஹால் டிக்கெட் உண்டா?” என்று கேட்டாள்.

8 டிசம்பர், திங்கள்

முதல் சோதனை. புல்வெளி முழுக்க வெள்ளைப் பூச்சாக உறைபனி. சாவியைத் திருப்பினேன். ஓர் அதிர்வுகூட இல்லை! நம்ப முடியாமல் இறங்கி ஒருமுறை சுற்றிவந்தேன்.

டாங்க் சுத்தம் செய்ததன் பலன் தாமதமாகத் தெரிகிறதோ? அதற்கு இயற்பியலில் இடமில்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

9 டிசம்பர்

தேர்ச்சி.

10 டிசம்பர்

தேர்ச்சி. செல்வமுருகனுக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். “நான் சொல்லல சார்? பெட்ரோல்தான்” என்றார். நாளை முதல் சத்தியபிரியா காரில் போவாள்.

இந்நாட்குறிப்பின் நோக்கம் நிறைவேறியது என்று எழுதத் தோன்றுகிறது. ஏனோ எழுத மனம் வரவில்லை. காரணம் தெரியாத தேர்ச்சியை நான் எப்போதும் மறுமதிப்பீட்டுக்கு அனுப்புபவன்.

11 டிசம்பர், வியாழன்

திரும்பும் வழியில் ஐந்தரைக்கு அழைத்து “பூம்பாறை தாண்டிட்டேன்” என்று சொல்வதாக ஏற்பாடு. அழைப்பு வரவில்லை. நான் அழைத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. ஆறு மணி. வெளியே மூடுபனி, எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. ஆறரை. கூக்கால் பாதையில் இருட்டினால் காட்டெருமை நடுரோட்டில் நிற்கும். ஏன் அனுப்பினேன்? மூணு நாள் ஓடுச்சுன்னு அனுப்பிட்டேனே, ஏன் ஓடுச்சுன்னு தெரியாமலே! படிச்சவன் செய்யிற காரியமா இது? என்ன விதி, என்ன பொல்லாத விதி —

ஏழேகால். வந்துவிட்டாள். கேரட் மூட்டைகளோடு லாரியில். சேலை முழுவதும் செம்மண்.

லாரியை ஓட்டிவந்த சின்னக்கருப்பன் இறங்கிவந்து சொன்னார்: “பயப்படாதீங்க சார், டீச்சர பத்திரமா கொண்டாந்துட்டேன். ஏத்தத்துல வண்டி இருமிக்கிட்டே நின்னுபோச்சு. தள்ளிட்டுப்போயி நம்ம களத்துல நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. வெரசா போகணும் சார், மார்க்கெட்டுக்கு லோடு கெடக்கு.” புறப்படும்போது, “அந்த ரூமு இருக்கு சார். எப்ப வேணும்னாலும்” என்று அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. 

12 டிசம்பர், வெள்ளி

இன்று பேருந்தில் போய்விட்டாள்.

அவள் போன பின் வேலிக்கு அப்பால் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் நிமிர்ந்து கேட்டார்: “ஏன் சாரு, அம்புட்டு வெந்நி வச்சும் வண்டி நின்னுபோச்சாம்ல?”

“என்ன வெந்நீர்?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆத்தாடி! நான் ஒண்ணும் சொல்லலப்பா. எனக்குச் சோலி கெடக்கு.” குச்சிகளை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் சத்தியபிரியாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. சோதனை நடந்த மூன்று நாளும், நேற்றுக் காலையும், எனக்கு முன் எழுந்து, கந்தம்மாள் விறகடுப்பில் காய்ச்சித் தந்த வெந்நீரை இரண்டு ரப்பர் பைகளில் நிரப்பி, பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் வைத்து, பழைய கம்பளியால் போர்த்தியிருக்கிறாள். நான் எழும் அரவம் கேட்டதும் எடுத்துவிடுவாளாம்.

“இது முறைகேடு” என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

“ஆமா, காப்பிதான் அடிச்சேன். வண்டிக்கு நான் பிட்டு குடுத்தேன். எழுதிக்கோங்க!” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நீங்க பாஸ் போட்டாத்தானே நான் வீட்டுக்கு வர முடியும்? கொஞ்சம் சூடானா அது ஒழுங்கா ஓடும்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் அங்கயும் குளிருமேன்னுதான் நெனச்சுப் பாக்கல. நாள் பூராவும் ஏரிக்கரையில வெயிலே இல்லாம நின்னுச்சு.”

“காட்டுக்குள் நின்றுபோயிருந்தால்?”

“நின்னுச்சுல்ல. நான்தானே நின்னேன்.”

 கோபம் இருக்கிறது. ஆனால் ‘நான் வீட்டுக்கு வர முடியும்’ என்று அவள் சொன்னது கோபத்தின் குறுக்கே வந்து வந்து நிற்கிறது. அந்த அறைக்குப் போக விரும்பித்தான் அப்படி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்?

13 டிசம்பர், சனி

நண்பகல் வெயிலில் கூக்காலுக்குப் போய்க் காரை ஓட்டிவந்தோம். ஒரு முணுமுணுப்பும் இல்லை. வழியெல்லாம் அவளும் நானும்கூட அப்படித்தான்.

பூம்பாறை வளைவில் திடீரென எனக்கு உறைத்தது. முறைகேடான தேர்வாக இருந்தாலும் விடைத்தாள் விடைத்தாள்தானே! வெந்நீர்ப் பை பெட்ரோலைத் தொடவில்லை; பாட்டரியைத் தொடவில்லை; அவற்றில் குற்றமிருந்தால் பையால் குணமாகியிருக்காது. பை தொட்ட இடத்தில்தான் நோய்.

காரை ஓரமாக நிறுத்தினேன். “பையைச் சரியாக எங்கே வைத்தாய்?”

“கைக்கு எட்டுன எடத்துல.”

“காட்டு.”

இறங்கிப் பானெட்டைத் திறந்து காட்டினாள். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மூன்று குழாய்கள் வந்து சேருமிடம். அதாவது இன்டேக் மேனிபோல்டும் எஞ்சினும் ஒட்டுகிற விளிம்பு. அந்த இரண்டுக்கும் நடுவில், காற்று கசியாமல் காக்கும் கேஸ்கட் என்ற அடைப்பு ஒன்று உண்டு. குளிரில் எதுவும் சுருங்கும். சுருங்கினால் இடைவெளி, இடைவெளி வழியே வேண்டாத காற்று, காற்று மிகுந்தால் பற்றவேண்டிய கலவை பற்றாது. சூடானதும் விரிந்து அடைபட்டுவிடும்.

நடுரோட்டில் நின்று இதை முழுவதும் அவளுக்கு விளக்கினேன். பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தது. அவள் சொன்னாள்: “கிளாஸ வீட்டுல போயி எடுங்க.” ஆனால் சிரித்தாள். மூன்று நாளுக்குப் பின்.

14 டிசம்பர், ஞாயிறு

இது ஊகம்தான், நிரூபணம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில், பொழுது விடியும்போது. செல்வமுருகனை நேற்று மாலை அழைத்தேன். “ஆறு மணிக்கா? சார், ஞாயித்துக்கெழம சார்!” என்றார். ஆனால் வந்தார், தலையில் குல்லாய், கையில் ஃபிளாஸ்க். சத்தியபிரியா துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துவந்தாள். ஒழுகும் இடத்தில் நீர்த்துளி பட்டால் அது ஒரு கணம் ஓட்டையை அடைக்கும். எஞ்சினின் குரல் மாறும். இதுவே என் ஏற்பாடு.

சாவியைத் திருப்பினேன். குலுங்கியது. அந்தக் குலுக்கலைக் கண்டு நான் மகிழ்வது இதுவே முதல்முறை. செல்வமுருகன் முதல் குழாயின் விளிம்பில் தெளித்தார். மாற்றமில்லை. மூன்றாவதில் தெளித்தார். மாற்றமில்லை.

“நடுவுல அடிங்க தம்பி, அங்க உஸ்ஸுங்குது” என்றாள் சத்தியபிரியா. எனக்கோ செல்வமுருகனுக்கோ எதுவும் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் கிசுகிசுப்பதைக் கேட்டுப் பழகிய காது.

நடுவில் தெளித்தார். குலுக்கல் நின்றது, நீர் உறிஞ்சப்பட்டதும் திரும்பியது. மீண்டும் தெளித்தார். மீண்டும் நின்றது.

“யப்பா! ஜில்லுன்னு இருந்தாத்தான் காட்டுது சார் இது” என்றார் செல்வமுருகன். “சூடா கொண்டாந்தா நான் எங்கேருந்து கண்டுபிடிக்கிறது?” உண்மைதான். நோய் ஓய்ந்த நேரத்தில் நோயாளியை அழைத்துப்போனவன் நான்.

வேலிக்கு அப்பாலிருந்து கந்தம்மாள் குரல்: “நான் இன்னைக்கு வெந்நி குடுக்கல சாரு! முருகன் மேல சத்தியம்!”

17 டிசம்பர், புதன்

அந்த கேஸ்கட் இந்தியாவில் எங்கும் இல்லை. சென்னை வியாபாரி ஒருவர் ஜப்பானிலிருந்து வரவழைத்துத் தருவார். ஜனவரிக் கடைசி ஆகுமாம். பள்ளி திறப்பது அதற்கு முன்.

செல்வமுருகன் ஒரு வழி சொன்னார்: “கேஸ்கட் ஷீட் வாங்கி, பழசை வச்சு வரைஞ்சு நானே வெட்டிப் போடுறேன் சார். கம்பெனி பீஸ் இல்ல. ஆனா நிக்கும்.”

தயாரிப்பாளரின் கையேடு தெளிவாகச் சொல்கிறது: அங்கீகரிக்கப்பட்ட உதிரிப்பாகமே பயன்படுத்த வேண்டும். மறுத்துவிட்டேன்.

18 டிசம்பர்

சத்தியபிரியா வாதாடவில்லை. அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தியபடியே, தலை நிமிராமல் கேட்டாள்: “அந்த வருஷம் யுனிவர்சிட்டி பரீட்சையில கட்டுல வினாத்தாள் கொறஞ்சப்ப என்ன செஞ்சீங்க?”

சாட்சிகள் முன்னிலையில் நகலெடுத்துக் கொடுத்தோம்.

“அது யுனிவர்சிட்டி அச்சடிச்சதா?”

இல்லை. ஆனால் விதியில் அதற்கு இடம் உண்டு. தேர்வு எழுத வந்தவன் எழுதாமல் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் மற்ற எல்லா விதிகளும்.

அவள் நிமிரவேயில்லை. சிவப்புப் பேனா மட்டும் நின்றது.

செல்வமுருகனை அழைத்து, ஜப்பானியப் பாகம் வரும்வரை தற்காலிக ஏற்பாடாக வெட்டித் தரும்படி சொன்னேன். சென்னைக்கும் முன்பணம் அனுப்பிவிட்டேன்.

21 டிசம்பர், ஞாயிறு

பழைய கேஸ்கட்டைக் கழற்றினோம். இரண்டாம் சிலிண்டரின் வாய்ப் பக்கம் கட்டையாக இறுகி, ஓரத்தில் மயிரிழைப் பிளவு. கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இதுதானா?

செல்வமுருகன் ஷீட்டில் அச்சு வரைந்து வெட்டினார். நான் விளிம்புகளை அளந்தேன். ஓரிடத்தில் அகலம் குறைந்திருந்ததைச் சுட்டினேன். முனகிக்கொண்டே வேறொன்று வெட்டினார். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு சொன்ன வரிசையில் முறுக்கினோம். கையேட்டை நான் முற்றிலும் கைவிடவில்லை.

22 டிசம்பர்

உறைபனி. அறிவிக்காத சோதனை. குலுங்கவில்லை.

26 டிசம்பர்

மீண்டும் அறிவிப்பில்லை. நான் எழுந்தபோது சத்தியபிரியா தூங்கிக்கொண்டிருந்தாள், பானெட் சில்லிட்டிருந்தது. ஆகவே வெளியுதவி இல்லை. குலுங்கவில்லை.

30 டிசம்பர், செவ்வாய்

காரைக் கூக்கால் ஏரிக்கரைக்கே கொண்டுபோய், வெயில் படாத இடத்தில் நாள் முழுவதும் நிறுத்திவைத்தோம். சின்னக்கருப்பன் வீட்டில் சாப்பாடு. மாடியறையையும் காட்டினார். நல்ல அறை, ஜன்னலைத் திறந்தால் ஏரி. அவள் ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள். 

மாலை மூடுபனியில் அவளே காரைக் கிளப்பினாள். அதே ஏற்றம். அதன் பாட்டுக்கு ஏறியது. ஏறி முடித்ததும், “அண்ணன்கிட்ட ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“எப்போது?”

“வண்டியக் கெளப்புறதுக்கு முன்னாடி.”

சோதனை முடியுமுன்பே. இதை என்னவென்று பதிவுசெய்வது?

5 ஜனவரி 2026, திங்கள்

பள்ளி திறந்தது. காலை ஆறரைக்குச் சத்தியபிரியா புறப்பட்டாள். நான் போர்டிகோவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்: மூன்று தோள்களும் சேர்ந்து தூக்கிய சப்பரம், கீழ்வளைவில் திரும்பும்வரை சீராகப் போனது. மணி அடிக்குமுன் பள்ளியில் இருந்ததாகச் செய்தி அனுப்பினாள். மாலையில் மூடுபனிக்குள்ளிருந்து மஞ்சள் கார் வெளிவந்ததை என்னைவிட முன்னே பார்த்தவர் கந்தம்மாள்: “சாரு! ஒங்க சப்பானு வெள்ளனே வந்துருச்சு!”

சாப்பிடும்போது அவள் கைகளைப் பார்த்தேன். விரல்நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. ஹீட்டர் சூடாவதற்கே பூம்பாறை வந்துவிடுகிறதாம். அதுவரை ஸ்டியரிங் பனிக்கட்டி, சீட்டும் பனிக்கட்டி என்றாள், குறையாகச் சொல்லாமல் செய்தியாக. எஞ்சினின் குளிரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய நான், ஓட்டுபவளின் குளிரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

காரைக் குறித்து இனி எழுத ஏதுமில்லை. நாளை முதல் அவளுக்கு முன் நான் எழுவேன். வெந்நீரை நானே காய்ச்சுவேன். அதே இரண்டு பைகளில் நிரப்பி, அதே கம்பளியில் சுற்றி, பானெட்டைத் திறக்காமல், ஓட்டுநர் இருக்கையில் வைப்பேன்.